அரசுப் பள்ளியில் ‘சாப்பி’ – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் வசிக்கிறோம். மகனின் அரசுப் பள்ளியில் சாப்ளெயின் (மத அமைப்பின் வழியாக வந்து மாணவர் நலனைக் கவனிப்பவர்) ஒருவர் இருக்கிறார். பிள்ளைகளுக்கு அவர் ‘சாப்பி’. பசியோடு வரும் பிள்ளைகளுக்குக் காலையில் டோஸ்ட் தருகிறார், தனியாக உட்கார்ந்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுக்கிறார். ஆனால் கிறிஸ்தவ அமைப்பு ஒன்றின் ஊழியர் என்பதால் என் கணவருக்குப் பிடிக்கவில்லை. நல்லதுதானே செய்கிறார் என்கிறேன் நான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ர.

அன்புள்ள ர.,

அவர் நல்லவராகவே இருக்கட்டும். பள்ளிகளில் சாப்ளெயின் வைக்க மத்திய அரசு பணம் தரும் திட்டத்தின் விதிப்படி அவர் மதப் பிரசாரமும் செய்யக்கூடாது. சரி, மதம் பேசக்கூடாத வேலைக்கு மதத்தை ஏன் ஒரு தகுதியாக வைத்தார்கள்? என் சிக்கல் அந்த இடத்தில்தான்.

பிரதமர் ஜான் ஹோவர்டின் அரசு 2007இல் தொடங்கிய திட்டம் இது; பள்ளி ஒன்றுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் வரை கொடுத்தார்கள். பின்னால் பிரதமரான ஜூலியா கில்லார்ட் காலத்தில் மதம் சாராத நலப் பணியாளரையும் வைத்துக்கொள்ளலாம் என்றானது. 2014இல் அடுத்து வந்த டோனி அபட் அரசு அந்தக் கதவை மூடியது.

உங்கள் மாநிலத்தின் டூவும்பாவில் ரான் வில்லியம்ஸ் என்றொரு தகப்பன். தன் பிள்ளைகளின் அரசுப் பள்ளியில் சாப்ளெயின் இருப்பதை எதிர்த்து நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான ஹைகோர்ட் வரை போய், 2012இலும் 2014இலும் வென்றார். ஆனால் வென்றது மதம் பற்றிய வாதம் அல்ல. மத்திய அரசுக்கு இப்படிப் பணம் தர அதிகாரம் இல்லை என்பதே தீர்ப்பு. அரசுப் பதவிக்கு மதச் சோதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 116ஆம் பிரிவு. சாப்ளெயினுக்குச் சம்பளம் தருவது தனி அமைப்பு, ஆகவே அது மத்திய அரசுப் பதவியே அல்ல என்று அந்த வாதத்தைத் தள்ளிவிட்டார்கள். பணம் அரசுடையது, ஆள் மட்டும் அரசுடையவர் அல்ல! சட்டப்படி சரியாக இருக்கலாம். எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. அப்புறம் அதே பணம் மாநிலங்கள் வழியாகப் போய்ச் சேர்ந்தது.

2023 முதல் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. சாப்ளெயினா, மதம் சாராத நலப் பணியாளரா என்பதைப் பள்ளியே தேர்ந்தெடுக்கலாம். உங்கள் பள்ளியில் அப்படி யாராவது யோசித்தார்களா, இல்லை பழையவரே தொடர்கிறாரா? அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கணவரையே கேட்கச் சொல்லுங்கள். டோஸ்ட்டை யாரும் தடுக்க வேண்டாம். ஆனால் மகனுக்கு மனக்கஷ்டம் என்று ஏதாவது வந்தால், நேராகப் பள்ளியின் கைடன்ஸ் ஆபீசரைப் பாருங்கள். அதற்கென்று படித்தவர் அவர்.