செயற்கைக்கோள் இருக்கும்போது மிதவையும் பலூனும் எதற்கு?

கேள்வி: பூமி முழுவதையும் செயற்கைக்கோள்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வானிலை பலூன், கடல் மிதவை, தரை நிலையம் என்று இன்னும் ஏன் செலவு செய்கிறார்கள்? கணிப்புக்கு இவற்றால் என்ன பயன்?

1982இல் நடந்ததைச் சொன்னாலே பாதி பதில் கிடைத்துவிடும். அந்த ஆண்டு பசிபிக்கில் மிக வலிமையான ஓர் எல் நினோ, அதாவது நடு, கிழக்கு பசிபிக்கின் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகிப் பல நாடுகளின் வானிலையை மாற்றும் நிகழ்வு, உருவாகிக்கொண்டிருந்தது. பல மாதங்கள் வரை நிபுணர்களே அதை உணரவில்லை. காரணம், அதற்குச் சற்று முன்பு மெக்சிகோவில் எல் சிச்சோன் எரிமலை வெடித்து, அதன் கந்தகப் படலம் மேல் வளிமண்டலத்தில் பரவியிருந்தது. அதன் ஊடாகப் பார்த்த செயற்கைக்கோள் கடல் நீரின் வெப்பத்தைக் குறைத்துக் காட்டியது. கப்பல்கள் சரியாகத்தான் அளந்து அனுப்பின. ஆனால் இவ்வளவு சூடு இருக்க முடியாது என்று தரச் சோதனையிலேயே அவற்றில் பலவற்றைத் தள்ளிவிட்டார்கள்!

அப்புறம்தான் பசிபிக்கில் நிலநடுக்கோட்டை ஒட்டி ஏறக்குறைய 70 மிதவைகளை நங்கூரமிட்டு நிறுத்தினார்கள். 1994இல் அந்த வரிசை முழுமை பெற்றது. இவை கடலுக்கு அடியில் 500 மீட்டர் ஆழம் வரை வெப்பத்தை அளக்கின்றன. விஷயமே அங்கேதான் இருக்கிறது. எல் நினோவுக்கு முன் சூடான நீர் மேற்பரப்புக்குக் கீழே மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்து போக இரண்டு மூன்று மாதம் ஆகும். மேலிருந்து பார்த்தால் இது நேராகத் தெரியாது. 1997இல் அடுத்த பெரிய எல் நினோ வந்தபோது அது வளர்வதை நாள்தோறும் பார்க்க முடிந்தது. ஆனால் இந்த மிதவைகளைப் பராமரித்து வந்த கப்பலை 2012இல் செலவைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். 2014க்குள் வரவேண்டிய தகவலில் பாதிகூட வரவில்லை. கருவியை வாங்குவதில் உள்ள ஆர்வம் பராமரிப்பில் இருப்பதில்லை, எல்லா நாட்டிலும் இதே கதைதான்.

சரி, அன்றாட வானிலைக்கு வருவோம். வானிலையைக் கணக்கிட்டுக் கணிக்கும் கணினி மாதிரிக்கு முதலில் தேவை, இந்த நொடியில் வளிமண்டலம் எப்படி இருக்கிறது என்பது. தொடக்கத்தில் உள்ள சிறு பிழை சில நாட்களில் பெரிதாகிவிடும். அதனால் முந்தைய கணிப்பையும் புதிய அளவீடுகளையும், எது எவ்வளவு நம்பகமானது என்று எடைபோட்டுச் சேர்க்கிறார்கள். இங்கே தகவலின் பெரும்பகுதி செயற்கைக்கோளிலிருந்துதான் வருகிறது, மறுக்கவில்லை. கடல் மிகுந்த தென் அரைக்கோளத்தின் கணிப்பு வட அரைக்கோளத்தை எட்டிப் பிடித்ததே அதனால்தான். ஆனால் செயற்கைக்கோள் காற்றின் வெப்பத்தை நேராக அளப்பதில்லை. கதிர்வீச்சை அளக்கிறது, வெப்பத்தை அதிலிருந்து கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கு ஒருபக்கமாகச் சாய்கிறதா என்று பார்க்க, காற்றுக்குள்ளேயே போய் அளந்துவரும் பலூன் வேண்டும்.

காலநிலைக்கு வேறு மாதிரியான தேவை: பல பத்தாண்டுகள் விடாமல், ஒரே தரத்தில் அளக்க வேண்டும். புவி வெப்பமடைதலின் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலுக்குள் போகிறது. இன்று ஆர்கோ எனப்படும், நங்கூரமில்லாமல் கடலோடு மிதந்து தானாக அளக்கும் சுமார் 4,000 மிதவைகள் பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வந்து அந்தக் கணக்கைத் தருகின்றன.

கையில் பணம் இருந்தால் எங்கே போடுவது என்று கேட்டால், ஆப்பிரிக்காவிலும் பசிபிக் தீவுகளிலும் பலூன் நிலையங்களுக்கு என்பேன். இருக்கும் இடைவெளிகளில் பெரியவை அங்கேதான். ஒவ்வொரு நாடும் குறைந்தபட்சம் இவ்வளவு அளந்து பகிர வேண்டும் என்று உலக வானிலை அமைப்பு 2021இல் விதி வகுத்துவிட்டது. பல நாடுகளிடம் அதற்கான பணம்தான் இல்லை.