நாகேஷுக்கு எதிரே நிற்பவர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தாராபுரத்திலிருந்து எழுதுகிறேன். நாகேஷ் பிறந்த ஊர் என்பதால் அவர்மேல் எங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு. அவருடைய நினைவுநாளான ஜனவரி 31 அன்று ஒவ்வோர் ஆண்டும் எங்கள் வாட்ஸப் குழுவில் தவறாமல் இரண்டு விஷயங்கள் வரும். ஒன்று, ‘திருவிளையாடல்’ படத்தின் தருமி காட்சி. இன்னொன்று, ‘கடைசிவரை அவருக்கு ஒரு பத்மஸ்ரீகூடக் கொடுக்கவில்லையே’ என்ற ஆதங்கம். இந்த முறை அந்தத் தருமி காட்சியைக் கல்லூரியில் படிக்கும் என் மகனிடம் காட்டினேன். சிரித்தான். பிறகு, ‘நல்லாத்தான் இருக்கு, ஆனா ஓவர் ஆக்டிங்ப்பா’ என்றான். சுருக்கென்றது. பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கள் தலைமுறையோடு நாகேஷ் முடிந்துவிடுவாரா? அடுத்த நினைவுநாளில் நண்பர்கள் சேர்ந்து ஒரு படம் போட்டுப் பார்க்கலாம் என்று பேச்சு. எதைப் போடலாம், சொல்லுங்கள்.

எஸ்.,
தாராபுரம்

அன்புள்ள எஸ்.,

மகன்மேல் வருத்தப்படாதீர்கள். முன்னும் பின்னும் இல்லாமல் ஒரு துண்டைக் கைப்பேசியில் பார்க்கிற யாருக்கும் அப்படித் தோன்றலாம். ‘திருவிளையாடல்’ 1965இல் வந்த படம். அதில் அரசன், புலவர், இறைவன் என எல்லோருமே மேடை நாடகத்தின் உரத்த குரலில், ஏற்ற இறக்கத்தோடு செந்தமிழ் பேசுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஒருவர் மட்டும் பசியோடு வருகிறார். பாண்டியனின் சந்தேகம் என்ன, அதற்குத் தீர்ப்பு என்ன என்பதெல்லாம் தருமிக்கு ஒரு பொருட்டே இல்லை. பரிசாக வரும் ஆயிரம் பொன், அவ்வளவுதான். தனியாகப் புலம்பும்போது நம் தெருவில் கடன்பட்டு அலைகிற மனிதரின் குரல்தான் கேட்கிறது. படத்தை முதலிலிருந்து பார்த்துவந்தால், அத்தனை பெரிய குரல்களுக்கு நடுவே இயல்பாக இருக்கிற குரல் அவருடையது என்று உங்கள் மகனுக்கே தெரியும்.

அடுத்தமுறை அந்தக் காட்சியில் நாகேஷ் பேசாத இடங்களைப் பாருங்கள். புலவர் வேடத்தில் வந்திருக்கும் இறைவன், அதாவது சிவாஜி, உண்மையிலேயே புலவன்தானா என்று சோதிக்கத்தான் கேள்வி கேட்க ஆரம்பிக்கிறார். முதல் கேள்வியின்போது உடம்பில் ஒரு மிதப்பு இருக்கிறது. சிவாஜியிடமிருந்து சட்டென்று பதில் வருகிறது. அடுத்த கேள்வியை அவசரமாக எறிகிறார், அதற்கும் பதில். ஒவ்வொரு பதிலுக்கும் அந்த ஒல்லி உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது. நாம் சிரிப்பது கேள்விக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பதிலை வாங்கிக்கொள்கிற அந்த உடம்பும் சேர்ந்துதான் சிரிக்க வைக்கிறது. சிவாஜிக்கு எதிரே நின்று, சிவாஜி பேசுவதைக் கேட்டே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு போன நடிகர் அவர். இந்தக் காட்சியில் ஓர் அடிகூடக் குறைக்கக் கூடாது என்று சிவாஜியே இயக்குநர் ஏ.பி. நாகராஜனிடம் கேட்டுக்கொண்டதாகச் சினிமாக்காரர்கள் சொல்வதுண்டு. நான் அதை நம்புகிறேன். எதிரே நின்றவருக்குத்தான் அது முதலில் தெரிந்திருக்கும்.

அவரை நினைவுகூரும்போது நாம் விட்டுவிடுவது இதைத்தான். எதிரே நிற்பவரை. ‘காதலிக்க நேரமில்லை’யில் செல்லப்பா தன் அப்பாவுக்குக் கதை சொல்லும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1964இல் ஸ்ரீதர் எடுத்த படம். ஓஹோ புரொடக்‌ஷன்ஸின் முதலாளியும் டைரக்டரும் ஆன செல்லப்பா, கதவுச் சத்தம் காலடிச் சத்தம் எல்லாம் வாயாலேயே போட்டுக் கதை சொல்கிறார். ஓர் இடத்தில்கூடச் சிரிப்பை எதிர்பார்த்து நடிக்கவில்லை. உலகத்தின் ஆகச்சிறந்த படத்தை எடுக்கப்போகிறோம் என்ற தீவிரம் முகத்தில். எதிரே டி.எஸ். பாலையா. காசு கேட்டு வந்திருக்கும் பிள்ளையை எப்படித் துரத்துவது என்று உட்கார்ந்திருக்கும் எஸ்டேட் முதலாளி, கதை போகப்போகக் குழந்தையாகிவிடுகிறார். கண் விரிகிறது, வாய் பிளக்கிறது. பாதிச் சிரிப்பு அவருடையது. இப்போது அந்தக் காட்சியைச் செங்குத்தாக வெட்டி ரீல்ஸ் போடுகிறார்கள். ஒரு முகத்துக்குத்தான் அதில் இடம். பாலையா சட்டகத்துக்கு வெளியே போய்விட்டால், நாகேஷ் யாரிடமோ கத்திக்கொண்டிருக்கிறவர் ஆகிவிடுகிறார். ஓவர் ஆக்டிங் என்ற சொல் வேறு எங்கிருந்து வரும்?

ஆட்களுக்கேற்ப மாறும் அந்த உடம்பை முழுசாகப் பார்க்க 1968 ஒன்று போதும். ‘தில்லானா மோகனாம்பாள்’ வைத்தி அந்த ஆண்டுதான், ‘எதிர்நீச்சல்’ மாதுவும் அந்த ஆண்டுதான். வைத்தி ஒரு பெண்ணைப் பணக்காரர்களிடம் கொண்டுசேர்க்க அலைகிற தரகன். மோகனாவின் அம்மாவிடம் ஆசை காட்டும்போது ஒரு குழைவு, மைனரிடம் வேறொரு பணிவு, மகாராஜாவிடம் இன்னொன்று. அருவருக்க வேண்டிய ஆள். அருவருத்துக்கொண்டே அவன் அடுத்து எப்போது வருவான் என்று காத்திருக்கிறோம். மாதுவோ மாடிப்படிக்கு அடியில் குடியிருக்கும் அநாதை. அந்த வீட்டின் எல்லாக் குடித்தனங்களுக்கும் எடுபிடி வேலை செய்து, மிச்சம் மீதியைச் சாப்பிட்டுக் கல்லூரியில் படிக்கிறவன். யார் கூப்பிட்டாலும் ஓடுகிற அந்த ஓட்டத்தில் எவ்வளவு சிரிப்பு இருக்கிறதோ அவ்வளவு அவமானமும் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. அம்மைத் தழும்பு முகத்தோடு, ரயில்வே குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு வந்தவர் நாகேஷ். கே. பாலசந்தர் அந்த முகத்துக்காகவே நாடகம் எழுதி, ‘சர்வர் சுந்தரம்’ ஆக்கி, கதாநாயகனாக நிறுத்தினார். தமிழ் சினிமா செய்த நல்ல காரியங்களில் ஒன்று அது.

பத்ம விருது பற்றி. கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் ‘நம்மவர்’ படத்தில், மகளை இழக்கும் பேராசிரியராக நடித்ததற்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. ஆதங்கப்படும் நண்பர்களில் எத்தனை பேர் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டுப்பாருங்கள். அதே 1994இல் ‘மகளிர் மட்டும்’ படத்தில் பிணமாக வந்தார். வசனம் இல்லை, கண் இமைக்கக் கூடாது. மூன்று பெண்கள் தூக்கிக்கொண்டு அலைய, தன் எடையை மட்டும் அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நடித்தார். பல நடிகர்கள் மறுத்திருக்கக்கூடிய வேடம்.

அவர் போனது 2009 ஜனவரி 31. இரண்டு நாள் முன்புதான் ஈழத்துக்காக முத்துக்குமார் சென்னையில் தீக்குளித்து இறந்திருந்தார். முத்துக்குமாரின் இறுதி ஊர்வலமும் அதே 31ஆம் தேதி. அந்தத் துயரத்துக்கு நடுவில் நாகேஷுக்காக நாம் சரியாக அழவே இல்லை என்று எனக்கு ஒரு குறை இன்னமும் இருக்கிறது. அதனால் உங்கள் ஊரில் ஒரு திரையிடல் என்றதும் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

‘எதிர்நீச்சல்’ போடுங்கள். சாயங்காலம் தொடங்கி முழுப் படமாக, பாட்டைக்கூடத் தாண்டிப் போகாமல். கல்லூரிப் பையன்களைக் கூப்பிடுங்கள், மாதுவும் கல்லூரி மாணவன்தானே. படத்துக்கு முன்னால் நினைவுரை வேண்டாம், பேச ஆசைப்படுகிறவர்கள் முடிந்தபிறகு பேசட்டும். விருதைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பார்கள். பாலையாவைப் பற்றிப் பேச ஒருவரை நீங்கள் இப்போதே பிடித்துவைத்துவிடுங்கள்.

அன்புடன்