கிளேசியல் அசிட்டிக் அமிலம் என்றால் என்ன? அது குளிரில் ஏன் கட்டியாகிறது?

நீர் ஏறக்குறைய இல்லாத, 99.5 சதவீதத்துக்கு மேல் தூய்மையான அசிட்டிக் அமிலம் இது. 16.6 டிகிரி செல்சியஸிலேயே பனிக்கட்டி போல உறையும், பெயரும் அதனால்தான். குளிர்காலக் காலையில் தேங்காய் எண்ணெய் சீசாவுக்குள் இறுகி நிற்குமே, அதே கதை. நீர் சேர்ந்தால் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்க முடியாமல் உறைநிலை இறங்கிவிடும்.

பெயிண்ட், பசைகளுக்கான வினைல் அசிட்டேட் தயாரிப்பில்தான் பெருமளவு செலவாகிறது.

உறைந்த கேனை உருக்க அடுப்பருகே வைக்கவே கூடாது: சுமார் 39 டிகிரியிலேயே எழும் ஆவி, நெருப்போ பொறியோ பட்டால் தீப்பிடிக்கும். காற்றோட்டமான இடத்தில், மூடியைச் சற்றுத் தளர்த்தி, 25 முதல் 30 டிகிரி வெதுவெதுப்பான நீரில் நிறுத்துங்கள். மெல்லிய லேடெக்ஸ் கையுறை போதாது. பியூட்டைல் ரப்பர் வேண்டும். தோலில் பட்டால் எரிச்சல் தாமதமாகவும் தெரியலாம். காத்திராமல் 15 நிமிடம் கழுவுங்கள்.

‘வினிகர்தானே’ என்பார்கள், வினிகரில் இது 5 சதவீத அளவுதான், இந்தத் தூய அமிலமோ தோலைப் புண்ணாக்கிவிடும்.