சாலைச் சேதத்தைப் படங்களிலிருந்து கண்டறிதல்: கேள்வி பதில்

கட்டடப் பொறியியல் இறுதியாண்டு மாணவி: ஐயா, டீப் லேர்னிங் (ஏராளமான எடுத்துக்காட்டுகளைக் காட்டிக் கணினியைப் பழக்கும் முறை) கொண்டு சாலைச் சேதத்தைக் கண்டறிவதையே என் ப்ராஜெக்டாக எடுத்திருக்கிறேன். படங்களை நானே எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

தொடங்குவதற்குத் தேவையான படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காரின் முன்பகுதியில் பொருத்திய ஸ்மார்ட்ஃபோனைக் கொண்டு ஜப்பானின் 7 உள்ளாட்சிப் பகுதிகளில் எடுத்த 9,053 படங்களை 2018இல் வெளியிட்டார்கள். அவற்றில் 15,435 சேதங்கள் பெட்டியிட்டுக் குறிக்கப்பட்டிருந்தன. 2020இல் இந்தியாவும் செக் குடியரசும் சேர, அத்தொகுப்பு 26,336 படங்களாக வளர்ந்தது. 2022இல் நார்வே, அமெரிக்கா, சீனா ஆகிய நாடுகளும் இணைந்தபின் எண்ணிக்கை 47,420 ஆயிற்று. ஆனாலும் உங்கள் ஊர்ச் சாலைகளில் சில நூறு படங்களையாவது நீங்களே எடுத்து, நீங்களே குறித்துப் பாருங்கள். எது விரிசல், எது நிழல் என்று ஒவ்வொரு படத்திலும் முடிவெடுக்கும்போதுதான் இந்த வேலையின் கடினம் எங்கே இருக்கிறது என்பது புரியும்.

அதே மாணவி: அந்தத் தொகுப்பில் நான்கு வகைச் சேதங்களே முதன்மையாக இருப்பது ஏன்?

நீளவாட்டு விரிசல், குறுக்கு விரிசல், முதலைத்தோல் விரிசல், பள்ளம் என்னும் அந்த நான்கும் வடிவத்தால் மட்டுமல்லாமல் காரணத்தாலும் வேறுபட்டவை. சக்கரங்கள் உருளும் தடத்திலோ, தார்க்கலவையை இரு பட்டைகளாகப் பரப்பிய இணைப்பிலோ நீளவாட்டு விரிசல் தோன்றும். குளிரில் மேற்பரப்பு சுருங்குவதால் குறுக்கு விரிசல் உண்டாகும். பாரம் மீண்டும் மீண்டும் ஏறி இறங்க, அடித்தளம் தளர்ந்து, மேற்பரப்பு சிறு சிறு துண்டுகளாகப் பிளப்பதே முதலைத்தோல் விரிசல். அதற்குள் நீர் இறங்கித் துண்டுகள் பெயர்ந்தால் பள்ளமாகிறது. ஆகவே வகையைச் சரியாகச் சொல்லும் மாதிரி (படங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட கணினி நிரல்), பழுதுபார்க்கும் முறையையும் ஓரளவு சொல்லிவிடுகிறது. தனி விரிசலைத் தாரூற்றி அடைத்துவிடலாம். முதலைத்தோல் விரிசலை அப்படி அடைத்தால், கீழே உள்ள பலவீனம் அப்படியே இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. படங்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதற்காக அவற்றைத் திருப்பியும் சுழற்றியும் பயிற்சியில் சேர்ப்பது பொதுவான வழக்கம். இடவலமாகத் திருப்பினால் கேடில்லை. ஆனால் 90 பாகை சுழற்றினால் நீளவாட்டு விரிசல் குறுக்கு விரிசலாகத் தெரியும், ‘நீளவாட்டு’ என்று நாம் இட்ட குறியீடோ பழையதாகவே நிற்கும். பூனை, நாய்ப் படங்களுக்கு எழுதப்பட்ட நிரலை அப்படியே எடுத்துக்கொள்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

மென்பொருள் துறையிலிருந்து ஒருவர்: எந்த மாதிரியைத் தேர்ந்தெடுப்பது?

படத்தில் உள்ள பொருளைச் சுற்றிப் பெட்டி வரைந்து காட்டும் யோலோ குடும்பத்தின் சிறிய மாதிரி ஒன்றை எடுத்துத் தொடங்குங்கள். விரிசலின் அகலத்தையும் பரப்பையும் அளக்க வேண்டுமென்றால் மட்டும், சேதத்தைப் பிக்சல் (படத்தின் மிகச் சிறிய புள்ளி) பிக்சலாகப் பிரித்துக் காட்டும் யூ-நெட் போன்ற மாதிரிகளுக்குச் செல்லுங்கள். மாதிரியை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட, தவறான குறியீடுகளைத் தேடித் திருத்துவதில் ஒரு வாரத்தைச் செலவிடுவது கூடுதல் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

ஆராய்ச்சி மாணவர்: என் மாதிரி சோதனையில் 97 விழுக்காடு சரியாகச் சொல்கிறது. வெளியிடப்பட்ட ஆய்வுகளிலோ மதிப்பு இதைவிட மிகக் குறைவு. என்னுடையது சிறந்தது என்று கொள்ளலாமா?

அந்த முடிவுக்கு வருமுன் இரண்டைச் சரிபாருங்கள். முதலாவது, படங்களைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் எப்படிப் பிரித்தீர்கள் என்பது. ஓடும் வாகனத்திலிருந்து எடுத்த அடுத்தடுத்த படங்களில் ஒரே பள்ளம் மீண்டும் மீண்டும் வரும். அவற்றைக் கலைத்துப்போட்டுப் பிரித்தால், பயிற்சியில் பார்த்த அதே பள்ளத்தையே மாதிரி சோதனையிலும் பார்க்கும். அப்படிக் கிடைக்கும் உயர்ந்த மதிப்பு நினைவாற்றலின் மதிப்பேயன்றிக் கண்டறியும் திறனின் மதிப்பன்று. சாலை வாரியாகப் பிரியுங்கள். ஒரு சாலையின் படங்கள் முழுவதும் ஒரே பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது, நீங்கள் அளப்பது எது என்பது. படத்தில் சேதம் உண்டா, இல்லையா என்பதை மட்டும் சொல்வது எளிய பணி. சர்வதேசப் போட்டிகளில், மாதிரி வரையும் பெட்டிக்கும் மனிதர் வரைந்த பெட்டிக்கும் பொதுவான பரப்பை, இரண்டும் சேர்ந்து அடைக்கும் மொத்தப் பரப்பால் வகுத்து, விடை குறைந்தது 0.5 ஆக இருந்தால்தான் சரி என்று ஏற்பார்கள். பள்ளத்துக்கு இது பொருந்தும். சாய்வாக ஓடும் மெல்லிய விரிசலைச் சுற்றி வரையப்படும் பெட்டியிலோ பெரும்பகுதி நல்ல சாலையாகவே இருக்கும். ஒரு நீண்ட விரிசலை ஒருவர் ஒரே பெட்டியாகவும், இன்னொருவர் இரண்டாகவும் குறிப்பார்கள். இருவருமே தவறு செய்யவில்லை. மாதிரி விரிசலை மிகச் சரியாகக் கண்டுபிடித்தும் தோல்வி என்று எண்ணப்படுவதற்கு இதுவே பெரிய காரணம். வெளியான மதிப்புகள் குறைவாகத் தெரிவதில் இதற்கும் பங்குண்டு.

வேறொருவர்: ஜப்பானியப் படங்களில் பயின்ற மாதிரி இந்தியச் சாலையில் வேலை செய்யுமா?

ஓரளவே செய்யும். ஜப்பானியத் தொகுப்பில் விரிசல்கள் மிகுதி. டெல்லி, குருகிராம், ஹரியானா பகுதிகளில் எடுக்கப்பட்ட இந்தியப் படங்களில் பள்ளமும் முதலைத்தோலுமே மேலோங்கி இருக்கின்றன, குறுக்கு விரிசல் மிக அரிது. அதோடு மண் படிந்த சாலையோரம், சாணம், ஒட்டுப்போட்ட இடம், மூடி தாழ்ந்த பாதாளச் சாக்கடை, மரநிழல் ஆகியவற்றை ஜப்பானியப் படங்களில் பயின்ற மாதிரி போதிய அளவு பார்த்திருக்காது. சேதமே இல்லாத, ஆனால் சேதம்போலத் தோன்றும் இத்தகைய படங்களைப் பயிற்சியில் தாராளமாகச் சேர்ப்பது பொய்க் கண்டறிதல்களைக் குறைக்கும் நல்ல வழி. மழைநீர் நிரம்பிய பள்ளங்களைத் தனியாகத் தேடிச் சேர்க்க வேண்டும். வானத்தைப் பிரதிபலிக்கும் அந்த நீர்ப்பரப்பு, உலர்ந்த பள்ளத்தின் தோற்றத்தோடு எந்த வகையிலும் ஒத்திராது.

இருசக்கர வாகன ஓட்டி: கேமரா எதற்கு? ஃபோன் குலுங்குவதை வைத்தே பள்ளத்தைக் கண்டுபிடிக்க முடியாதா?

முடியும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 2012இல் ‘ஸ்ட்ரீட் பம்ப்’ என்ற செயலியை அவ்வாறே அறிமுகப்படுத்தியது. ஆனால் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால்தான் குலுங்கும். உங்களைப் போன்றவர்கள் பள்ளத்தைப் பார்த்ததும் விலகித்தான் செல்வீர்கள். விரிசல் குலுக்குவதே இல்லை. ஸ்மார்ட்ஃபோன் குறைவாக உள்ள ஏழைக் குடியிருப்புகளின் சாலைகள் கணக்கில் வராமல் போய்விடும் என்ற கவலையும் அப்போது எழுந்தது, அது நியாயமான கவலை. கேமரா வழியிலும் அந்த ஆபத்து உண்டு: வாகனம் எந்தத் தெருக்களுக்குப் போகிறதோ அந்தத் தெருக்களின் சேதமே பட்டியலில் ஏறும்.

நகராட்சிப் பொறியாளர்: இந்த முடிவுகளை வைத்து நேரடியாகப் பணி ஆணை வழங்கலாமா?

எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்ற பட்டியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்துக்கு வேண்டாம். ஒற்றைப் படத்திலிருந்து நம்பத்தக்க ஆழம் கிடைக்காது. சாலையின் நிலையை மதிப்பிடுவதற்கான ஏஎஸ்டிஎம் டி6433 என்ற தர நடைமுறை பள்ளத்தின் கடுமையை விட்டத்தோடு ஆழத்தையும் கொண்டே பிரிக்கிறது: 13 முதல் 25 மி.மீ., 25 முதல் 50 மி.மீ., அதற்கும் மேல். இவற்றைப் பிரித்தறிய லேசர் அளவியோ, நேரில் சென்று வைக்கும் அளவுகோலோ வேண்டும்.

அதே பொறியாளர்: ஒரே பள்ளம் பலமுறை கணக்கில் ஏறாமல் தடுப்பது எப்படி?

படமெடுக்கும் இடைவெளியை வேகத்தோடு பொருத்துங்கள். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வாகனம் நொடிக்கு ஏறத்தாழ 11 மீட்டர் நகரும். டோக்கியோ ஆய்வாளர்கள் அவ்வேகத்தில் நொடிக்கு ஒரு படம் எடுத்தது, சாலை விட்டுப்போகாமலும் இரட்டிக்காமலும் இருப்பதற்காகத்தான். நெரிசலில் வேகம் குறையும் நகரங்களில் நேரத்தைக் கொண்டு எடுக்காமல் கடந்த தூரத்தைக் கொண்டு எடுப்பது நல்லது. ஜிபிஎஸ் சில மீட்டர் பிழைபடும் என்பதால், அருகருகே விழும் ஒரே வகைக் கண்டறிதல்களை ஒன்றாக்கி, அந்த இடத்தின் படங்கள் அனைத்தையும் அதனுடன் இணைத்துவையுங்கள். அவை இரண்டு பள்ளங்களா, ஒன்றா என்பதை உங்கள் பணி ஆய்வாளர் படத்தைப் பார்த்தே முடிவு செய்துகொள்வார்.