டக்சனா, ஸ்போர்ட்டேஜா? முதலில் உங்கள் வாசல் ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள்

கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். நான், கணவர், எட்டு வயது மகன், இரண்டு வயது மகள், முழங்கால் வலியோடு இருக்கும் பிள்ளைகளின் ஆயா, ஆக ஐந்து பேர். வருடத்துக்கு மூன்று முறை ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போவோம். மொத்தம் 15,000 கிலோமீட்டர் ஓட்டுவோம், வாங்கிய வண்டியைப் பத்து வருடமாவது வைத்திருப்போம். 2023 மாடல் ஹூண்டாய் டக்சன் 2.0 பெட்ரோல் 4,30,000 ராண்டுக்கும், அதே வருட கியா ஸ்போர்ட்டேஜ் 1.6 டர்போ 4,70,000 ராண்டுக்கும் பார்த்திருக்கிறோம். எனக்கு டக்சன், அவருக்கு ஸ்போர்ட்டேஜ். 30 சதவீதம் பலூன் (விலையில் ஒரு பங்கைக் கடைசியில் மொத்தமாகக் கட்டுவது) போட்டால் ஸ்போர்ட்டேஜுக்குத்தான் மாதத் தவணை குறைவு என்கிறார் விற்பனையாளர். எங்கள் வீட்டுக் கேட்டிலிருந்து கராஜ் வரை செங்குத்தான ஏற்றம். எதை வாங்கலாம்?

பதில்: சகோதரி, கடிதத்தில் கடைசியாகப் போகிற போக்கில் அந்த ஏற்றத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

இரண்டு வண்டியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஹூண்டாயும் கியாவும் ஒரே குழுமம், அடித்தளமும் ஒன்றுதான். ஆகவே இடவசதி, பாதுகாப்பு, ஓட்டும் சுகம் என்று பட்டியல் போட்டு ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் ஒரு மாதம் போனாலும் முடிவு வராது. நீங்கள் பார்த்திருக்கும் இந்த இரண்டில் உண்மையான வித்தியாசம் எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் இருக்கிறது. அப்புறம் வாரண்டியில் கொஞ்சம், பணம் கட்டும் முறையில் நிறைய.

எஞ்சினில் உங்கள் கணவர் பக்கம் நியாயம் இருக்கிறது. டக்சனில் இருப்பது டர்போ இல்லாத 2 லிட்டர் எஞ்சின், 115 கிலோவாட். ஸ்போர்ட்டேஜில் 1.6 லிட்டர் டர்போ, 132 கிலோவாட். டர்பனில் கடல் மட்டத்தில் ஓட்டும்போது இந்த இடைவெளி அவ்வளவாகத் தெரியாது. ஆனால் மேலே ஏற ஏறக் காற்று மெலியும், டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் தன் சக்தியில் சுமார் பத்தில் ஒரு பங்கை இழக்கும். லெனேசியா, ஜோகன்னஸ்பர்க் பக்கமெல்லாம் 1,600 மீட்டருக்கு மேல். அங்கே போய்ச் சேரும்போது டக்சனின் 115 கிட்டத்தட்ட 95 ஆகிவிடும், டர்போ வண்டியோ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் பெரிதாகக் குறையாது. ஐந்து பேர், பெட்டிகள், பெரியம்மாவுக்கு வாங்கிய மாம்பழப் பெட்டி எல்லாவற்றோடும் என்3 சாலையில் டவுன் ஹில், வான் ரீனன் கணவாய் என்று ஏறும்போது டக்சன் கத்தும், முன்னால் போகும் லாரியைத் தாண்ட நேரம் எடுக்கும். அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன்.

சரி, இப்போது உங்கள் வாசலுக்கு வருவோம். ஸ்போர்ட்டேஜில் இருப்பது ஏழு கியர் கொண்ட இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். நெடுஞ்சாலையில் அருமையாக ஓடும். ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் அங்குலம் அங்குலமாக நகர்வதுதான் அதற்குப் பிடிக்காத வேலை, அதிலும் ரிவர்ஸில், கராஜ் கதவு திறக்கும்வரை பாதி வழியில் நின்று நின்று. உள்ளே கிளட்ச் உரசிச் சூடாகும், வண்டி சில சமயம் தயங்கிச் சட்டென்று குதிக்கும். பின்னால் குழந்தை நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டும்போது அந்தக் குதிப்பு எனக்கு ஒப்பாது. டக்சனின் ஆறு கியர் பெட்டி பழைய முறையிலான ஆட்டோமேட்டிக், கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்துவது, மெதுவாக ஊர்வதற்கு அது கெட்டிக்காரன். லெனேசியா வருடத்துக்கு மூன்று தடவை, வாசல் ஏற்றம் ஒரு நாளைக்கே நாலு தடவை. இந்தக் கணக்கை உங்கள் கணவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

வாரண்டியைப் பொறுத்தவரை, கியா 5 வருடம், கிலோமீட்டர் வரம்பே கிடையாது என்று சொல்வதைக் கேட்டு மயங்க வேண்டாம். 15,000 ஓட்டும் உங்களுக்கு வரம்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன! உங்களுக்கு வேண்டியது வருடங்கள். ஹூண்டாய்க்கு 5 வருடம் அல்லது 1,50,000 கிலோமீட்டர், அதற்கு மேல் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மட்டும் இன்னும் 2 வருடம் அல்லது 50,000. அதாவது 2023 வண்டிக்கு ஸ்போர்ட்டேஜில் 2028 வரை, டக்சனில் முக்கிய பாகங்களுக்கு 2030 வரை. பத்து வருடம் வைத்திருக்கப்போகிறவருக்கு இந்த இரண்டு வருடம் பெரிசு. முதன்முதலில் பதிவான தேதியிலிருந்துதான் கணக்கு என்பதால் அந்தத் தேதியையும் சர்வீஸ் புத்தகத்தையும் கையில் வாங்கிப் பாருங்கள், வாய் வார்த்தையை நம்ப வேண்டாம். இன்னொன்று, 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த தென்னாப்பிரிக்கப் போட்டி ஆணைய வழிகாட்டுதலின்படி, வாரண்டி காலத்திலேயே உங்களுக்குத் தெரிந்த வெளி மெக்கானிக்கிடம் சர்வீஸ் செய்யலாம். ரசீதை மட்டும் தொலைக்காதீர்கள்.

பலூனைப் பற்றி எழுதாமல் விட எனக்கு மனசு வராது. என் தம்பி இப்படித்தான் மாதத் தவணை குறைவு என்று கையெழுத்துப் போட்டான். ஆறு வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டி முடித்த வாரத்தில் மீதித் தொகையை மொத்தமாகக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது, கையில் பணம் இல்லை, அதற்காகத் திரும்ப ஒரு கடன் வாங்கினான். 4,70,000-க்கு 30 சதவீதம் என்றால் 1,41,000 ராண்ட். 72 மாதத்துக்குப் பிறகு அது ஒரே தவணையாக வந்து நிற்கும், அதுவரை அந்தத் தொகைக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 15,500 ராண்ட், அதுவும் அசலில் ஒரு செண்ட் குறையாமல். ஆக, 40,000 ராண்ட் விலை கூடின வண்டி உங்களுக்கு மலிவாகத் தெரிவது அந்த வண்டியால் அல்ல. இரண்டுக்கும் பலூன் இல்லாமல், ஒரே முன்பணம், ஒரே 60 மாதம் என்று எழுத்தில் கேளுங்கள். இன்சூரன்ஸ் தொகையையும் கையெழுத்துக்கு முன்னாலேயே இரண்டு வண்டிக்கும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். ஆயாவைக் கூட்டிப் போங்கள், மகளின் குழந்தை சீட்டைக் கழற்றி எடுத்துப் போங்கள். மூன்று வயதுக்குக் கீழே குழந்தை சீட் 2015 மே மாதத்திலிருந்து சட்டம், அதனால் அது எப்போதும் பின்னால் இடம் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். ஒரு பக்கம் அந்த சீட், மறுபக்கம் ஆயா, நடுவில் மகன். அவன் தானாக பெல்ட் மாட்ட முடிகிறதா, ஆயா காலைத் தூக்காமல் உட்கார்ந்தபடியே திரும்பி இறங்க முடிகிறதா என்று பாருங்கள், காகிதத்தில் இருக்கும் அளவுகள் இதைச் சொல்லாது. பூசத்துக்குக் காவடி கட்டுகிற வீடு என்றால் காவடிச் சட்டகம் டிக்கியில் படுக்குமா என்றும் அளந்துவிடுங்கள். டிக்கித் தரையைத் தூக்கி ஸ்டெப்னி முழு அளவா, மெல்லிய தற்காலிகச் சக்கரமா என்று பார்ப்பதும் முக்கியம், நம் சாலைக் குழிகளுக்கு மெல்லியது போதாது. பிறகு மரியன்ஹில் டோல் தாண்டி கீ ரிட்ஜ் ஏற்றத்தில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு இரண்டு வண்டியையும் ஓட்டுங்கள். திரும்பி வந்து உங்கள் வாசலில் ரிவர்ஸில் ஏறுங்கள், விற்பனையாளர் பக்கத்தில் இருக்கட்டும், பரவாயில்லை.

நான் என்றால் டக்சனைத்தான் எடுப்பேன். மிச்சமாகும் 40,000-ஐ முன்பணத்தோடு சேர்த்துக் கட்டுவேன், வான் ரீனனில் லாரிக்குப் பின்னால் பத்து நிமிடம் பொறுமையாக ஏறுவேன். கீ ரிட்ஜில் டக்சனின் திணறலை உங்கள் கணவரால் பொறுக்க முடியவில்லை, வாசலில் ஸ்போர்ட்டேஜ் தயங்காமல் ஏறுகிறது என்றால் அதையே வாங்குங்கள், வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் பலூன் இல்லாமல். எந்த வண்டியானாலும் இரண்டாவது சாவியைக் கொடுத்தால் மட்டும் பணத்தைக் கட்டுங்கள், “அப்புறம் அனுப்புகிறோம்” என்றால் அந்தச் சாவி வரும்வரை வண்டி அவர்கள் வாசலிலேயே நிற்கட்டும்.