ஃப்ரீட்ஹோஃப் என்ற ஜெர்மன் சொல்லுக்கு 'அமைதி முற்றம்' என்பதுதான் மூலப் பொருளா?

இல்லை. ஆனால் அப்படி நினைப்பதில் ஆச்சரியமும் இல்லை. ஜெர்மனில் ஃப்ரீட்ஹோஃப் என்றால் கல்லறைத் தோட்டம். 'ஃப்ரீடெ' அமைதி, 'ஹோஃப்' முற்றம். வகுப்பில் எனக்கும் இப்படித்தான் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள், பல வருடம் நம்பியும் இருந்தேன்.

பழைய ஜெர்மனில் இது 'ஃப்ரீத்ஹோஃப்'. வீட்டுக்கோ தேவாலயத்துக்கோ முன்னால் வளைத்து அடைத்த முற்றம் என்பதே பொருள். சாவுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. முன்பாதி 'பேணு, காப்பாற்று' என்ற பொருளுள்ள ஒரு பழைய வினையிலிருந்து வந்தது. இடைக்காலத்தில் தேவாலய முற்றத்துக்குள் ஓடிவந்து தஞ்சம் புகுந்தவனைப் பிடிக்கக் கூடாது என்பது வழக்கம். ஊரில் இறந்தவர்களைப் புதைத்ததும் அதே முற்றத்தில்தான். அப்படியே சொல் கல்லறைக்கு உரியதாகிவிட்டது.

சரி, இதற்கு என்ன ஆதாரம்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பழைய ஜெர்மனின் நெடில் 'ஈ', 12ஆம் நூற்றாண்டு வாக்கில் தென்கிழக்கில் தொடங்கி, 'ஐ' ஆக மாறியது. 'வீன்' (திராட்சை மது) இன்று 'வைன்'. 'ட்ஸீட்' (காலம்) இன்று 'ட்ஸைட்'. அந்தக் கணக்கில் நம் சொல்லும் 'ஃப்ரைட்ஹோஃப்' ஆகியிருக்க வேண்டும். ஆகியும் இருக்கிறது! பவேரியா, ஆஸ்திரியா வட்டார வழக்கில் கல்லறைக்கு அந்தச் சொல் உண்டு. திரோல் கிராமம் ஒன்றில் ஒரு பாட்டி அப்படிச் சொல்லக் கேட்டபோது, புத்தகத்தில் படித்த ஒலி மாற்றம் எதிரே நின்று பேசியது போல இருந்தது.

பொது ஜெர்மனில் மட்டும் ஏன் 'ஃப்ரீட்'? பழைய வினை வழக்கொழிந்து, முன்பாதி யாருக்கும் புரியாமல் போனது. புரியாத இடத்தில் தெரிந்த 'ஃப்ரீடெ'யை மக்கள் கேட்டார்கள். இறந்தவர் உறங்கும் இடத்துக்கு அது பொருந்தியும் வந்தது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பழைய வினை, ஃப்ரீடெ, நண்பன் என்னும் 'ஃப்ராய்ண்ட்' எல்லாமே 'அன்பு செய்' என்ற ஒரே பழைய வேரில் கிளைத்தவை. இடைக்கால ஜெர்மனில் ஃப்ரீடெக்கே பாதுகாப்பு, வேலியடைத்த இடம் என்ற பொருள்களும் இருந்தன. இன்றும் மனையைச் சுற்றிய வேலிக்கு 'அய்ன்ஃப்ரீடுங்' என்று ஒரு சொல் இருக்கிறது. ஆகவே மூலத்தை ஒட்டித் தமிழில் சொல்லச் சொன்னால் நான் 'காப்பு முற்றம்' என்பேன்.