தோற்றத்துக்கு மூன்றே மதிப்பெண்: வீரியமான ஸ்டவுட்டைச் சுவைத்து மதிப்பிடுவது எப்படி?

கேள்வி: ஐயா, வணக்கம். சிங்கப்பூர் ஈசூனிலிருந்து எழுதுகிறேன். தீபாவளி விடுமுறையில் என் மைத்துனரும் நானும் மூன்று வகை ஸ்டவுட்டை (வறுத்த தானியம் சேர்த்து வடிக்கும் கறுப்பு பியர்) ஒப்பிட்டுச் சுவைக்க நினைத்தோம். உள்ளூர் ஏபிசி எக்ஸ்ட்ரா ஸ்டவுட், இலங்கையின் லயன் ஸ்டவுட், மலிவு விலையில் கிடைத்த, 10 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட இம்பீரியல் ஸ்டவுட் ஆகியவற்றை உறைபெட்டியில் நன்றாகக் குளிரவைத்து, முறுக்குடன் அருந்தினோம். மூன்றுமே வெறும் கசப்பாகத்தான் தெரிந்தன. இம்பீரியலில் மட்டும் சோயா சாஸ் வாடையும் ஒருவிதப் புளிப்பும் இருந்தன. கறுப்பு அதிகமானால் வீரியம், அதாவது ஆல்கஹால், அதிகம், அது அப்படித்தான் இருக்கும் என்கிறார் மைத்துனர். ஸ்டவுட்டை எப்படிச் சுவைத்து மதிப்பிட வேண்டும்? அந்தப் போத்தல் கெட்டதா, இல்லையா? அதே வகையில் இன்னும் மூன்று போத்தல்கள் வீட்டில் இருக்கின்றன.

பதில்: மூன்றும் ஒரே கசப்பாகத் தெரிந்ததற்கு முதற்காரணம் உங்கள் உறைபெட்டி. நன்றாகக் குளிர்ந்த பானத்தில் நாக்கு இனிப்பைக் குறைவாகவே உணர்கிறது. மணம் தரும் பொருள்களும் ஆவியாகி மூக்கை எட்டுவதில்லை. அந்த நிலையில் எஞ்சி நிற்பவை கசப்பும் வாயுவின் உறுத்தலும்தான். வீரியமான ஸ்டவுட்டில் வறுத்த தானியத்தின் கசப்பைத் தாங்கிப் பிடிப்பதற்கென்றே ஆல்கஹாலாக மாறாத மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) இனிப்பு ஓரளவு விட்டுவைக்கப்பட்டிருக்கும். குளிரவைத்து அந்த இனிப்பை மறைத்துவிட்டால், வடித்தவர் அமைத்த சமநிலையில் பாதியை நாமே எடுத்துவிட்டவர்கள் ஆகிறோம். வெளிர்நிற லாகர் பியரை நம் வெயிலுக்கு ஏற்றபடி சில்லென்று அருந்துவதில் தவறில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தை ஸ்டவுட்டுக்கும் நீட்டிப்பதுதான் இங்கே நான் அதிகம் காணும் பிழை.

வீரியமான ஸ்டவுட்டுக்கு 10 முதல் 14 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலை பொருத்தமானது. குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டிலிருந்து எடுத்த 330 மில்லிலிட்டர் போத்தலை மேசையில் கால் மணி நேரம் முதல் இருபது நிமிடம் வரை வைத்திருந்தால், நம் வீவக அடுக்குமாடி வீட்டு வெக்கைக்கு அது அந்த நிலையை நெருங்கிவிடும். ஊற்றியவுடன் ஒருமுறை, பத்து நிமிடம் கழித்து ஒருமுறை, குவளை ஏறக்குறைய அறை வெப்பத்துக்கு வந்தபின் ஒருமுறை என மூன்று தடவை முகர்ந்து, சுவைத்து, ஒவ்வொரு முறையும் இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள். என் மதிப்பீட்டில் பெரும்பகுதி இந்த மூன்று குறிப்புகளுக்கு இடையிலுள்ள வேறுபாட்டிலேயே அடங்கியிருக்கிறது. நல்ல ஸ்டவுட் சூடேறச் சூடேற ஒவ்வொன்றாக விரியும்: முதலில் வறுவல் வாசம், பிறகு உலர்பழம், கடைசியில் மால்ட்டின் அடர்ந்த இனிப்பு. சரியாக அமையாத ஸ்டவுட்டோ சூடேறியதும் உடைந்துவிடும். ஆல்கஹால் தனியாகக் காந்தும், இனிப்பு பாகுபோல் திகட்டும், அல்லது குளிரில் ஒளிந்திருந்த கெட்ட வாடை வெளியே வரும்.

சுவைக்கும் இடமும் வேளையும் முக்கியம். மாலை விளக்கேற்றிச் சாம்பிராணி போட்ட அறையிலும், தாளிப்பு மணம் அடங்காத கூடத்திலும் எந்த மூக்காலும் நுட்பமாக வேலை செய்ய முடியாது. முறுக்கைத் தள்ளிவைக்கச் சொல்வது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் உதட்டில் ஒட்டிய எண்ணெய் குவளையின் விளிம்பைத் தொட்டதும் நுரை விழுந்துவிடும், மிளகாய்க் காரமோ ஆல்கஹாலின் காந்தலைப் பெரிதாக்கிக் காட்டும். சுவைக்கும்போது உப்பில்லாத ரொட்டித் துண்டும் குளிராத தண்ணீரும் போதும். குவளையைச் சவர்க்காரம் போகும்படி நன்றாக அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலரவிடுங்கள். வயிறு அகன்று வாய் குறுகிய, மணத்தைத் தேக்கிவைக்கும் குவளையே சிறந்தது. அது இல்லையென்றால் ஒயின் குவளையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றினால் போதும்.

இனி மைத்துனரின் வாதத்துக்கு வருகிறேன். கறுப்புக்கும் வீரியத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. குழாயிலிருந்து ஊற்றப்படும் கின்னஸ் டிராஃப்ட் மையிருட்டாகத் தெரிந்தாலும் அதன் வீரியம் 4.2 விழுக்காடுதான், பொன்னிறத்தில் ஒளிரும் பெல்ஜியத்தின் துவெல் 8.5 விழுக்காடு. 1817ஆம் ஆண்டில் டேனியல் வீலர் என்ற ஆங்கிலேயர் மால்ட்டைக் கரிய வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, தானியக் கலவையில் சிறு பங்கு கருமால்ட் சேர்த்தாலே பியர் முழுவதையும் கறுப்பாக்க முடிந்தது. ஆல்கஹாலைத் தருவது அந்தக் கருமால்ட் அன்று, அதனுடன் சேரும் வெளிர்நிற மால்ட்டின் சர்க்கரை. பிஜேசிபி என்னும் அமெரிக்க நடுவர் சான்றிதழ் அமைப்பின் மதிப்பீட்டுத் தாளில் மொத்தம் 50 மதிப்பெண்கள்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்த நிறைவுக்கு 10. நிறம், தெளிவு, நுரை மூன்றும் அந்த மூன்று மதிப்பெண்ணுக்குள்தான் அடக்கம். விலையை வைத்தும் தரத்தை எடைபோட வேண்டாம். சிங்கப்பூரில் பியருக்கும் ஸ்டவுட்டுக்கும் உற்பத்தித் தீர்வை அதிலுள்ள ஆல்கஹால் அளவின்படி, ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 60 வெள்ளி என்று கணக்கிடப்படுகிறது. ஆகவே 330 மில்லிலிட்டர் கொண்ட 10 விழுக்காட்டுப் போத்தல் ஒன்றில் ஏறக்குறைய 2 வெள்ளி அந்தத் தீர்வைக்கே போய்விடுகிறது.

உங்கள் மூன்று போத்தல்களையும் ஒரே தராசில் வைத்தது அடுத்த சிக்கல். ஸ்டவுட் என்ற சொல் தொடக்கத்தில் வீரியமான எந்த பியரையும் குறித்து, பின்னர் போர்ட்டர் என்ற கருநிற ஆங்கிலேய பியரின் வீரியமான வகைக்கு உரியதானது. டப்ளினின் கின்னஸ் ஆலை 1801இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கென ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பு தரும் பூ) கூட்டிச் செய்முறை குறித்துவைத்த போர்ட்டர்தான் இன்றைய ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட்டின் முன்னோடி. லண்டனிலிருந்து ரஷ்ய அரசவைக்குக் கப்பலேறிய இன்னும் அடர்த்தியான ஸ்டவுட்டின் வழிவந்தது இம்பீரியல். வெப்ப நாடுகளில் உள்ளூரிலேயே வடிக்கத் தொடங்கியபோது, பெரும்பாலும் லாகர் ஈஸ்ட்டைக் கொண்டு, இனிப்பு தூக்கலாகவும் கசப்பு தணிவாகவும் இன்னொரு கிளை உருவானது. அதை வெப்பமண்டல ஸ்டவுட் என்கிறோம். 1930களில் இங்கே தொடங்கப்பட்ட ஆர்ச்சிப்பெலகோ புரூவரி கம்பெனியின் முதலெழுத்துகளைத் தாங்கி நிற்கும் ஏபிசியும், நுவரெலியாவில் வேர்விட்ட லயனும் இந்தக் கிளையைச் சேர்ந்தவை. முன்னது 8, பின்னது 8.8 விழுக்காடு. பிஜேசிபி வகுப்பின்படி வெப்பமண்டல ஸ்டவுட்டின் கசப்பு, ஐபியு என்ற கசப்பு அலகில், 30 முதல் 50 வரை; இம்பீரியலுக்கு அது 50 முதல் 90 வரை போகலாம். ஏபிசியில் கருப்பட்டி இனிப்பு முந்துவதைக் குறையாக எழுதுவது, பாயசம் இனிக்கிறது என்று குறை கூறுவதற்குச் சமம். எந்த வகை என்று முதலில் தெரிந்துகொண்டு, அந்த வகைக்குரிய எதிர்பார்ப்போடு குவளையை எடுங்கள்.

சுவையைப் பிரித்தறிவதில் நமக்கு ஒரு வசதி உண்டு; நம் மொழியில் சுவைக்கு ஆறு பெயர்கள் இருக்கின்றன. மதுவகைக் குறிப்புகள் எழுதத் தொடங்குபவர்கள் பலர் கசப்பையும் துவர்ப்பையும் கலந்துவிடுகிறார்கள். பாகற்காயையும் வாழைப்பூவையும் தனித்தனியாக அறிந்த நாக்குக்கு அந்தக் குழப்பம் வேண்டியதில்லை. ஸ்டவுட்டின் கசப்பு இரண்டு இடங்களிலிருந்து வருகிறது: ஒன்று ஹாப்ஸ், அது இலைத்தன்மையோடு விழுங்கிய பின்பும் தொண்டையருகே நீடிக்கும், மற்றொன்று வறுத்த பார்லி, அது கெட்டியான டிகாக்‌ஷனைப் போல் வந்து விரைவில் அடங்கும். துவர்ப்பு என்பது ஈறு இறுகி வாய் உலர்வது. தானியத்தின் உமியிலிருந்தும் தீய்ந்த வறுவலிலிருந்தும் அது வருகிறது. சற்றே இருந்தால் இனிப்பைக் கட்டுக்குள் வைக்கும். அடுத்த மிடறை எடுக்கத் தயங்க வைக்குமானால் அதைக் குறையாக எழுதுங்கள். புளிப்பும் ஓரளவு இயல்பானதே, ஏனெனில் கருக வறுத்த தானியத்தில் அமிலத்தன்மை உண்டு. வறுவலோடு சேர்ந்து வந்து, வறுவலோடு சேர்ந்து போகிற புளிப்பு ஸ்டவுட்டுக்கு உரியது. வறுவல் மறைந்த பின்னும் தனியாக நின்று வாயூற வைக்கிற புளிப்பைச் சந்தேகப்படுங்கள். ஆல்கஹாலைக் கார்ப்பின் கணக்கில் வைக்கலாம். சுக்கு மென்றதுபோல் நெஞ்சுக்குள் மெல்ல இறங்கும் வெதுவெதுப்பு இருந்தால், 10 விழுக்காட்டு ஸ்டவுட்டைப் பொறுமையோடு வடித்திருக்கிறார்கள் என்று பொருள். நாக்கு நுனியிலேயே சுரீரென்று எரிந்தாலோ, நகப்பூச்சு நீக்கியின் வாடை அடித்தாலோ, ஈஸ்ட் அளவுக்கு மீறிய வெப்பத்தில் புளித்திருக்கக்கூடும். உவர்ப்பை ஸ்டவுட்டில் நாம் பொதுவாக எதிர்பார்ப்பதில்லை. அது தலைகாட்டும்போது என்னவென்று கீழே சொல்கிறேன்.

மணத்துக்கும் நம் சமையற்கட்டிலிருந்தே பெயர் எடுங்கள். செர்ரி, பிளம் என்று வெளிநாட்டுக் குறிப்புகளைப் பார்த்து எழுதுவதைவிட, பேரீச்சம்பழம், உலர்திராட்சை, அதிமதுரம், குலா மலாக்கா என்ற தென்னை வெல்லம், தீயவிட்ட வெல்லப்பாகு, வறுத்த கேழ்வரகு, சுட்ட தேங்காய் ஓடு என்று உங்கள் நினைவில் உண்மையாகவே இருக்கும் வாசத்தை எழுதினால்தான் அடுத்த முறை உங்கள் குறிப்பு உங்களுக்கே பயன்படும். நம் காப்பிக்கடைக் கோப்பிக் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பார்கள். அந்தக் கருகிய இனிப்பு வாசத்துக்குப் பழகிய மூக்கு, வெப்பமண்டல ஸ்டவுட்டில் அதன் உறவை எளிதில் கண்டுபிடித்துவிடும்.

அளவைப் பற்றியும் தெளிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுத்த மூன்றையும் 330 மில்லிலிட்டர் வீதம் ஒருவர் முழுமையாக அருந்தினால் உடலில் சேரும் ஆல்கஹால் ஏறக்குறைய 70 கிராம். சிங்கப்பூரில் 10 கிராமை ஒரு நிலையளவாகக் கொண்டு, ஆண்களுக்கு நாளொன்றுக்கு இரண்டு, பெண்களுக்கு ஒன்று என்பதே பரிந்துரை. இரண்டாம் போத்தலுக்குப் பிறகு நாக்கும் நியாயம் சொல்லாது. வகைக்கு 60 மில்லிலிட்டர் போதும். மூன்றும் சேர்ந்து 13 கிராமைத் தாண்டாது. வீரியம் குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போங்கள். போத்தல் பெரிது என்றால் நான்கு பேரைக் கூப்பிடுங்கள், அவர்களைக் காரில் வராமல் எம்ஆர்டி ரயிலில் வரச்சொல்லுங்கள்.

மைத்துனருடனான வழக்கைத் தீர்க்க ஆலைகளில் நாங்கள் பயன்படுத்தும் ஒரு சோதனை உண்டு. மூன்று குவளைகளில் இரண்டில் ஒரே ஸ்டவுட்டையும் மூன்றாவதில் வேறொன்றையும் ஊற்றி, ஊற்றியவர் அறையைவிட்டுப் போய்விட வேண்டும். சுவைப்பவர் தனித்து நிற்பது எது என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்ன பிறகுதான் எது நல்லது என்ற பேச்சே எழ வேண்டும். குருட்டு ஊகத்திலும் மூன்றுக்கு ஒன்று சரியாகும் என்பதால், ஒரே முறையோடு நிறுத்தாமல் வேறு நாள்களிலும் செய்துபாருங்கள். உறைபெட்டிக் குளிரிலும் 12 பாகையிலும் இதைச் செய்துபார்க்கும்படி மைத்துனரை வேண்டிக்கொள்கிறேன். குளிரில் தடுமாறியவர்கள் 12 பாகையில் எளிதாகப் பிரித்தறிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி அந்த இம்பீரியல். சோயா சாஸ் வாடை வீரியத்தின் அடையாளம் அன்று. மடிந்த ஈஸ்ட் சிதைந்தாலோ, பியர் வெப்பத்தில் நாள்பட்டுக் கிடந்து ஆக்சிஜனேறினாலோ, இந்த உவர்ப்புக் கலந்த வாடை தோன்றும். வெளிர்நிற பியர் பழசானால் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வரும்; கறுப்பு பியரில் வறுவல் அதை மூடிவிடுவதால், முதுமை சோயாவாகவும் மங்கிய தேன் இனிப்பாகவும் வெளிப்படுகிறது. வடிப்பவர்களிடையே ஒரு பழங்கணக்கு வழங்குகிறது: 32 பாகையில் 3 நாள் வைத்தால் பியருக்கு ஏற்படும் தேய்வு, 22 பாகையில் 30 நாளிலும், 3 பாகையில் 300 நாளிலும் ஏற்படும் தேய்வுக்கு நிகர். இம்பீரியல் ஸ்டவுட்டை ஆண்டுக்கணக்கில் முதிரவைக்கலாம் என்பது குளிர்ந்த நிலவறைகளுக்குப் பொருந்தும் பேச்சு. குளிரூட்டப்படாத கடையின் மேல்தட்டில் நம் நாட்டு வெக்கையில் மாதக்கணக்கில் நின்ற போத்தலுக்கு அது பொருந்தாது. மலிவு விலை என்று நீங்கள் எழுதியிருப்பதால், அது நாள்பட்ட சரக்காக இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கையிலுள்ள மூன்று போத்தல்களின் தேதியை முதலில் பாருங்கள். மூன்றையும் குளிர்சாதனப் பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். ஒரு நாள் கழித்து ஒன்றை எடுத்துக் கழுத்தின் உட்புறத்தை வெளிச்சத்தில் நோக்குங்கள். அங்கே வளையமாகப் படிவு இருந்தாலோ, திறந்தவுடன் நுரை பீறிட்டுப் பொங்கினாலோ, பியரின் அடர்த்தி நீர்த்துப் புளிப்பு மட்டும் நின்றாலோ, உள்ளே வேறு நுண்ணுயிர் புகுந்திருக்க வாய்ப்பு அதிகம், அதைக் கொட்டிவிடுங்கள். அப்படி எதுவும் இல்லாமல் சோயா வாடை மட்டும் இருந்தால், வேறொரு கடையில் குளிர்பெட்டிக்குள் வைத்து விற்கும் அதே வகைப் புதுப் போத்தல் ஒன்றை வாங்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முகருங்கள். புதியதில் கோப்பியும் பேரீச்சையும் மணந்து, பழையதில் சோயா அடித்தால், மீதி இரண்டையும் திறக்காமல் ரசீதோடு வாங்கிய கடைக்கே எடுத்துச் செல்லுங்கள்.